ஈஎல்34 வால்வு ஆம்ப்ளிஃபயர்: எதை முதலில் மாற்றுவது?

ராகமாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டைனகோ நிறுவனம் 1959இல் வெளியிட்ட எஸ்டி-70 வடிவமைப்பைத் தழுவிக் கட்டப்பட்ட ஒரு ஸ்டீரியோ வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. சேனலுக்கு இரண்டு வீதம் நான்கு ஈஎல்34 வெளியீட்டு வால்வுகள், மாற்றுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையராக ஒரு ஜிஇசட்34, பிற்காலத்தில் மாற்றப்பட்ட டிரைவர் பலகையில் 12ஏஎக்ஸ்7, 12ஏயூ7 வால்வுகள் உள்ளன. சேனலுக்கு 35 வாட் திறன். ஸ்பீக்கர்களின் உணர்திறன் 87 டெசிபல். பின்பக்கம் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கணினியிலிருந்து டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), அதிலிருந்து பிரீஆம்ப் (முன்பெருக்கி), அதிலிருந்து இந்த ஆம்ப்ளிஃபயர் என்று இணைத்திருக்கிறேன்.

குரலும் தந்திக் கருவிகளும் மிக நன்றாக ஒலிக்கின்றன. ஆனால் தாழ்ந்த சுருதியில் தோல்கருவிகளின் அடி இறுக்கமாக இல்லை. இசை நிற்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல் கேட்கிறது. வலது சேனலின் வெளிப்புற வால்வு மற்ற மூன்றைவிட அதிக வெப்பத்தை வீசுகிறது. ஈஎல்34களுக்குப் பதிலாகக் கேடி88, எண்ணெய் நிரப்பிய உயர்ரகக் கப்ளிங் கெப்பாசிட்டர்கள் (டிரைவரிலிருந்து வெளியீட்டு வால்வுக்குச் சிக்னலை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தைத் தடுப்பவை), பழைய கையிருப்பில் எஞ்சிய, பயன்படுத்தாத 12ஏஎக்ஸ்7, பவர் சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர்கள் ஆகிய நான்கையும் மாற்றலாம் என்று எண்ணியிருக்கிறேன். இவற்றில் எதிலிருந்து தொடங்குவது நல்லது?

எதிர்மின்வாய் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நான்கில் எதையும் இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு வால்வு மட்டும் கூடுதலாகச் சூடாகிறது என்று நீங்களே எழுதியிருக்கும்போது, அதற்கான காரணம் தெரியாமல் புதிய வால்வுகளைச் செருகினால் அவையும் அதே சாக்கெட்டில் கெட்டுப்போகும். முதலில் அளவுகள் வேண்டும். சுவரில் வரும் மின்னழுத்தம், ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) மின்னழுத்தம், ஈஎல்34களின் பிளேட் (எலக்ட்ரான்களை ஈர்க்கும் தகடு) மின்னழுத்தம், ஒவ்வொரு வால்வின் கேத்தோடு (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) மின்னோட்டம் ஆகிய நான்கையும் எடுத்து இங்கே எழுதுங்கள்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்கு காப்பிட்ட கம்பிகள் வழியாகக் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் இடையே சில விநாடிகள் வைத்து, மீட்டரில் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஸ்குரூடிரைவரை வைத்து நேரடியாகக் குறுக்கிணைப்பது கெப்பாசிட்டருக்கும் உங்களுக்கும் ஆபத்து. இயங்கும்போது அளப்பதாக இருந்தால், மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸியில் (உலோக அடிச்சட்டத்தில்) கிளிப் போட்டு மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டுமே சிவப்பு முனையைப் பிடியுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் இயக்காதீர்கள். சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் எழும் மின்னழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும்.

பழையகண்ணாடி எழுதியது:

எதிர்மின்வாய் அவர்கள் கூறும் ஒழுங்கை மதிக்கிறேன். ஆனால் 12ஏஎக்ஸ்7 மாற்றுவதை அடியோடு ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முதல் நிலையில் வால்வை மாற்றினால் ஒலியின் தன்மை மாறுவதைப் பலரும் உணர்ந்திருக்கிறோம். உறுமலுக்கும் அந்த வால்வே காரணமாக இருக்கலாம். கேத்தோடுக்கும் ஹீட்டருக்கும் இடையே காப்பு தளர்ந்த வால்வு உறுமும். ஆம்ப்ளிஃபயர் இயங்கும்போது ஒரு பென்சிலின் மரமுனையால் வால்வை மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தாற்போல் ஒலித்தால் அந்த வால்வு முதல் நிலைக்கு உதவாது. கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் கவனியுங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

ராகமாலை எழுதியது:

சொன்னபடியே அளந்தேன். சுவரில் 238 வோல்ட். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் பின்பலகையில் 220 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. ஹீட்டர் 6.8 வோல்ட். ஈஎல்34 பிளேட்டில் 432 வோல்ட். ஒவ்வொரு கேத்தோடிலும் 10 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அவற்றின் குறுக்கே இடது சேனலில் 0.41, 0.40 வோல்ட், வலது சேனலில் 0.39, 0.58 வோல்ட். வால்வுகளின் ஓய்வு மின்னோட்டத்தை அமைக்கும் பயாஸ் திருகு சேனலுக்கு ஒன்றுதான் உள்ளது. பென்சிலால் தட்டிப் பார்த்ததில் எந்த வால்வும் ஒலிக்கவில்லை. வெள்ளிப் பூச்சுகளும் பளபளப்பாகவே இருக்கின்றன.

ஓம்விதி எழுதியது:

மிகவும் பயனுள்ள அளவுகள். 10 ஓம் குறுக்கே 0.58 வோல்ட் என்றால் 58 மில்லிஆம்பியர். அதில் வால்வின் துணை மின்வாயான ஸ்கிரீனுக்குச் செல்லும் மின்னோட்டமாகச் சுமார் 6 மில்லிஆம்பியரைக் கழித்தால் பிளேட்டுக்கு 52. அதை 432ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 22.5 வாட். ஈஎல்34இன் பிளேட் தாங்கும் உச்ச அளவு 25 வாட். இரண்டு வால்வுகள் எதிரெதிராகச் சேர்ந்து இயங்கும் புஷ்-புல் ஏபி வகுப்பில் இசை இல்லாத நிலையில் உச்சத்தின் 70 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது நடைமுறை, அதாவது 17.5 வாட், உங்கள் மின்னழுத்தத்தில் பிளேட்டுக்கு 40 மில்லிஆம்பியர். மற்ற மூன்று வால்வுகளும் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. இந்த ஒன்று மட்டும் விளிம்பில் நிற்கிறது.

இறுக்கமில்லாத அடிக்கும் இதில் பங்கு உண்டு. புஷ்-புல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தில் காற்று இடைவெளி கிடையாது. இரண்டு வால்வுகளின் நேர்மின்னோட்டமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைக்கப்பட்டது அது. 39க்கும் 58க்கும் உள்ள வேறுபாடு உள்ளகத்தை ஒரு பக்கமாகக் காந்தமேற்றிவிடுகிறது. அதன் விளைவு முதலில் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் தெரியும்.

எதிர்மின்வாய் எழுதியது:

ஓம்விதி அவர்களின் கணக்கு சரியானது. அடுத்து அறிய வேண்டியது, குறை வால்விலா, சுற்றிலா என்பது. மின்சாரத்தைத் துண்டித்து, வால்வுகள் ஆறிய பிறகு, வலது சேனலின் இரண்டு ஈஎல்34களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். அரை மணி நேரம் சூடான பிறகு அளவெடுங்கள். 0.58 வால்வோடு நகர்ந்தால் வால்வை மாற்றுங்கள். சாக்கெட்டிலேயே தங்கிவிட்டால் சுற்றில் தேடுங்கள்.

சாக்கெட்டில் தங்கினால் எனக்கு முதல் சந்தேகம் கப்ளிங் கெப்பாசிட்டரின் மீது. டிரைவர் வால்வின் பிளேட்டில் உள்ள நேர் மின்னழுத்தம் அதன் வழியே சிறிது கசிந்தாலும், ஈஎல்34 கிரிட்டின் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையின்) எதிர் பயாஸ் அதற்கேற்பக் குறைந்து, மின்னோட்டம் ஏறும். உறுதி செய்ய, அந்த ஒரு வால்வை மட்டும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை இணைத்தபடியே இயக்கி, ஐந்தாவது காலில், அதாவது கட்டுப்பாட்டுக் கிரிட்டில், மின்னழுத்தத்தை அளந்து நல்ல சாக்கெட்டோடு ஒப்பிடுங்கள். வால்வு இல்லாதபோது அளப்பதால் வால்வின் சொந்தக் கிரிட் மின்னோட்டம் கணக்கில் கலக்காது. நான்கையும் ஒன்றாகக் கழற்றிவிட வேண்டாம். சுமை இல்லாத பவர் சப்ளையின் மின்னழுத்தம் கெப்பாசிட்டர்கள் தாங்கும் அளவைத் தாண்டிப்போகக்கூடும்.

238 வோல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். 220க்குச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் 238இல் இயங்கும்போது எல்லா மின்னழுத்தங்களும் 8 சதவீதம் உயர்கின்றன. 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.8 என்பது அனுமதிக்கப்பட்ட 10 சதவீதத்துக்குள் இருந்தாலும் கேத்தோடின் ஆயுளைக் குறைக்கும். 15 வோல்ட், 2 ஆம்பியர் செகண்டரி உள்ள ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியைச் சுவர் மின்சாரத்தில் இணைத்து, அதன் செகண்டரியை ஆம்ப்ளிஃபயரின் மின்வழியில் எதிர்த்திசையில் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 15 வோல்ட் குறையும். திசை மாறினால் 15 வோல்ட் கூடிவிடும் என்பதால் முதலில் ஒரு விளக்கை வைத்து அளந்துவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபயரைச் செருக வேண்டும். அதைக் காப்பிட்ட பெட்டியில் ஃபியூஸுடன் அமைப்பது கட்டாயம். வீட்டு மின்வேலையில் பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒற்றைமுனை எழுதியது:

இழையின் போக்கைச் சிதைக்க விரும்பவில்லை. ஆனால் கேடி88 பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். திறனைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால், 35 வாட்டை 50 வாட்டாக உயர்த்துவதால் கிடைப்பது ஒன்றரை டெசிபல் மட்டுமே. அதற்கே புதிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். கேடி88 ஒவ்வொன்றும் ஹீட்டருக்கு 1.6 ஆம்பியர் எடுக்கும். ஈஎல்34 எடுப்பது 1.5 ஆம்பியர். ஹீட்டரைச் சமாளித்துவிட்டாலும், கேடி88க்கு இன்னும் ஆழமான எதிர் பயாஸும் கூடுதல் டிரைவ் மின்னழுத்தமும் வேண்டும். இருக்கும் பவர் சப்ளையில் அவை ஈஎல்34 தரும் திறனையே தரும்.

உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் இதைவிடப் பெரிய மாற்றம். என்னிடம் இருப்பது சேனலுக்கு ஒரே வெளியீட்டு வால்வு கொண்ட 300பி ஒற்றை முனை ஆம்ப்ளிஃபயர். சேனலுக்கு 8 வாட்டுதான். 95 டெசிபல் ஸ்பீக்கரோடு அது ஒரு மீட்டர் தொலைவில் 104 டெசிபல் வரை செல்லும். உங்கள் 35 வாட்டும் 87 டெசிபல் ஸ்பீக்கரும் சேர்ந்து 102 டெசிபலைத் தொடும். ஆனால் ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருத்தத்துக்காக உள்ளீட்டுக்குத் திருப்புவது) இல்லாத ஒற்றை முனையின் அவுட்புட் மின்மறுப்பு அதிகம். ஸ்பீக்கரின் மின்மறுப்பு வளைவு எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே ஒலியின் சமநிலையும் ஏறி இறங்கும். ஆகவே எல்லா ஸ்பீக்கருக்கும் அது பொருந்தாது. உங்கள் ஸ்பீக்கருக்குப் புஷ்-புல்லே தக்கது.

ராகமாலை எழுதியது:

வால்வுகளை இடம் மாற்றினேன், 0.58 சாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி ஐந்தாவது காலை அளந்ததில், மற்ற சாக்கெட்டுகளில் எதிர் 36 வோல்ட்டும் இந்தச் சாக்கெட்டில் எதிர் 33 வோல்ட்டும் இருந்தன. டிரைவரின் பிளேட்டில் 200 வோல்ட். கிரிட் ரெசிஸ்டர்கள் 270 கிலோ ஓம். அணைத்த நிலையில் அளந்தபோது நான்கும் சரியாகவே இருந்தன. கப்ளிங் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கிறது; அதன் மெழுகுப் பூச்சில் மெல்லிய விரிசல் ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது.

ஓம்விதி எழுதியது:

அப்படியென்றால் ஐயத்துக்கு இடமில்லை. 270 கிலோ ஓமில் 3 வோல்ட் வேறுபாடு என்றால் கசிவு 11 மைக்ரோஆம்பியர். கெப்பாசிட்டரின் ஒரு முனையில் நேர் 200, மறுமுனையில் எதிர் 33. ஆக 233 வோல்ட்டில் 11 மைக்ரோஆம்பியர் என்பது ஏறத்தாழ 21 மெகாஓம். நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டரின் காப்பு ஆயிரக்கணக்கான மெகாஓம்களில் இருக்க வேண்டும். இந்த இயங்குநிலையில் ஈஎல்34இன் கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் மின்னோட்டம் சுமார் 6 மில்லிஆம்பியர் மாறும். 3 வோல்ட்டுக்கு 18. நீங்கள் கண்ட 58க்கும் இயல்பான 40க்கும் உள்ள வேறுபாடு அப்படியே வந்துவிடுகிறது. இவ்வளவு சிறிய கசிவைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் நம்பிப் பார்க்க முடியாது. முழு மின்னழுத்தம் ஏறும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

எதிர்மின்வாய் எழுதியது:

நான்கு கப்ளிங் கெப்பாசிட்டர்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே வயதுடையவை ஒன்றன்பின் ஒன்றாகக் கசியும். 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போதும். எண்ணெய் நிரப்பிய பெரிய உருளைகள் பலகையில் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால், ஹீட்டர் கம்பிகளின் உறுமலை அவையே வாங்கிக்கொள்ளும்.

கெப்பாசிட்டரின் மதிப்பை 0.47ஆக உயர்த்தினால் அடி கூடும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 0.1 மைக்ரோஃபாரடும் 270 கிலோ ஓமும் சேர்ந்து 6 ஹெர்ட்ஸிலேயே வெட்டுகின்றன. அதைவிடக் கீழே இறக்கினால், ஃபீட்பேக் சுற்றின் தாழ் அதிர்வெண் நிலைத்தன்மை குலைந்து, ஸ்பீக்கரின் கூம்பு இசையே இல்லாமல் முன்னும் பின்னும் அசையத் தொடங்கும்.

பவர் சப்ளையைப் பெரிதாக்குவது குறித்தும் இதே கவனம் தேவை. ஜிஇசட்34க்குப் பின்னால் முதலில் நிற்கும் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது. அசல் எஸ்டி-70இல் அது 30தான். அங்கே 220ஐ வைத்தால், ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் பாயும் கூர்மையான மின்னோட்டம் ரெக்டிஃபையரின் கேத்தோடைச் சிதைத்துவிடும். கூட்டுவதாக இருந்தால் மின்னோட்டத்தைச் சீராக்கும் சோக் சுருளுக்குப் பிந்திய கெப்பாசிட்டரைக் கூட்டுங்கள். ஜிஇசட்34 கிடைக்கவில்லை என்று 5யூ4ஜிபியைச் செருகவும் கூடாது, முன்னது 1.9 ஆம்பியர் எடுக்கும் 5 வோல்ட் சுற்றிலிருந்து பின்னது 3 ஆம்பியர் இழுக்கும்.

இனி உறுமல். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுச் சாக்கெட்டில், நடுமுனையும் வெளிவளையமும் குறுக்கிணைக்கப்பட்ட பிளக் ஒன்றைச் செருகிக் கேளுங்கள். உறுமல் நீடித்தால் ஆம்ப்ளிஃபயருக்குள் தேடலாம். நின்றுவிட்டால் குறை வெளி இணைப்புகளில் இருக்கிறது. ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம் வெளியீட்டு முனைக்கு மாற்றியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 8 ஓம் என்று அச்சிட்ட பல ஸ்பீக்கர்கள் தாழ்ந்த அதிர்வெண்களில் 4 ஓமை ஒட்டி இறங்குகின்றன. 4 ஓம் முனையின் அவுட்புட் மின்மறுப்பு 8 ஓம் முனையில் பாதிதான். கூம்பின் மீதான பிடி அதனால் இறுகும். உச்சத் திறனில் சிறிது குறையலாம். முனையை மாற்றும்போது ஆம்ப்ளிஃபயர் அணைந்திருக்க வேண்டும். ஃபீட்பேக் கம்பியை இருந்த இடத்திலிருந்து அசைக்க வேண்டாம்.

ராகமாலை எழுதியது:

குறுக்கிணைத்த பிளக்கைச் செருகியதும் உறுமல் முற்றிலும் நின்றுவிட்டது. பிரீஆம்பை மீண்டும் இணைத்ததும் திரும்பிவிட்டது. கணினி ஒரு சுவர்ச் சாக்கெட்டிலும் ஆம்ப்ளிஃபயர் வேறொன்றிலும் இருக்கின்றன. எர்த் முனையைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?

எதிர்மின்வாய் எழுதியது:

கூடவே கூடாது. உள்ளே ஒரு காப்பு கெட்டால் முழு மின்னழுத்தமும் சேஸியின் மேல் வந்து நிற்கும். அப்போது உயிரைக் காப்பது அந்த எர்த் கம்பி ஒன்றுதான். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருந்த இரண்டு கம்பி வயரைக்கூட மூன்று கம்பியாக மாற்ற வேண்டும் என்றே நான் எப்போதும் வலியுறுத்துவேன்.

எல்லாச் சாதனங்களையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும். தீராவிட்டால், சேஸியை எர்த்தோடு நேரடியாக இணைத்தே வைத்துக்கொண்டு, சிக்னல் எர்த்துக்கும் சேஸிக்கும் இடையே மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைக்கலாம். உங்கள் பிரீஆம்ப் உண்மையில் தேவையா என்பதையும் பாருங்கள். டிஏசி 2 வோல்ட் தருகிறது என்றால், எஸ்டி-70 வகை ஆம்ப்ளிஃபயருக்கு முழுத் திறனை எட்ட 1.3 வோல்ட் போதும். இடையில் பத்து மடங்கு பெருக்கிவிட்டுப் பிறகு ஒலித்திருகால் குறைப்பது, இரைச்சலை மட்டுமே பெருக்கிக் கொடுக்கும். 20 கிலோ ஓம் ஒலித்திருகு ஒன்றைச் சிறிய பெட்டியில் வைத்து, கேபிளை ஒரு மீட்டருக்குள் அடக்கினால் உயர் அதிர்வெண்ணில் இழப்பு இருக்காது.

பழையகண்ணாடி எழுதியது:

நண்பர் இந்த வேலைகளை முடித்தபின் 12ஏஎக்ஸ்7ஐ மாற்றிக் கேட்கட்டும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். பயாஸ் சமநிலையில் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் இரண்டு வால்வுகளை ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு அல்ல என்பதை ஏற்கிறேன். ஆனால் பெருக்கக் காரணி 100 உள்ள 12ஏஎக்ஸ்7 இருக்கும் இடத்தில் 60 உள்ள 12ஏடி7ஐச் செருகிவிட்டு மென்மையாக ஒலிக்கிறது என்று மகிழ வேண்டாம். ஃபீட்பேக் குறைந்துபோனதைத்தான் அங்கே கேட்கிறோம்.

ராகமாலை எழுதியது:

நான்கு கப்ளிங் கெப்பாசிட்டர்களும் மாற்றப்பட்டுவிட்டன. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை மின்பணி தெரிந்த உறவினர் அமைத்துக் கொடுத்தார். இப்போது ஆம்ப்ளிஃபயருக்குச் செல்வது 223 வோல்ட், ஹீட்டர் 6.4, பிளேட் 405 வோல்ட். பயாஸைத் திரும்ப வைத்து, அரை மணி நேரம் கழித்து அளந்ததில் இடது சேனலில் 0.42, 0.41, வலது சேனலில் 0.41, 0.43. பிரீஆம்பை விலக்கி, எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரிப்பில் செருகியபின் காதை ஸ்பீக்கரில் வைத்தாலும் உறுமல் கேட்கவில்லை. 4 ஓம் முனையில் தோல்கருவியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எழுந்து அந்தந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டு கருவிகள் ஒன்றாக ஒலிக்கும்போதும் குழம்பவில்லை. உதவிய அனைவருக்கும் என் நன்றி. இனி ஏதேனும் செய்வதற்கு மீதமிருக்கிறதா?

எதிர்மின்வாய் எழுதியது:

மனநிறைவான அளவுகள். கெப்பாசிட்டர்கள் புதியவை என்பதால் சில நாள்கள் கேட்டபின் பயாஸை மீண்டும் பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை போதும். அளவுகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அடிப்பலகையின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்து இதைத் திறப்பவருக்கு, அது நீங்களாகவே இருந்தாலும், அந்தத் தாள் மிகவும் உதவும்.

செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அது ஒலிக்காக அல்ல, பாதுகாப்புக்காக. ஜிஇசட்34 உள்ளே குறுக்கிணைந்துவிட்டால் மாற்றுமின்சாரம் நேராக ஃபில்டர் கெப்பாசிட்டரில் பாய்ந்து பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். அதன் ஒவ்வொரு பிளேட்டுடனும் 1என்4007 டையோடுகளைத் தொடராக இணைத்தால் அந்த நிலையிலும் டிரான்ஸ்ஃபார்மர் தப்பும். ஒலியிலோ, மின்னழுத்தம் மெதுவாக ஏறும் நன்மையிலோ மாற்றம் வராது. பிளேட்டுக்கு ஒன்று போதாது, இரண்டு வைக்க வேண்டும். எஸ்டி-70இன் செகண்டரி 360-0-360 வோல்ட். வால்வு கெட்ட நிலையில் டையோடு எதிர்கொள்ளும் எதிர் மின்னழுத்தம் 1018 வோல்ட் வரை எழும், ஒரு 1என்4007 தாங்குவதோ 1000தான். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை அளந்து சொல்லுங்கள். டையோடுகளை எந்த முனையில், எந்தத் திசையில் பற்றவைப்பது என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.